அஞ்சலை நின்ற பக்கம்

“...அதுவும் எந்தச் சோறு? கூட்டுக் குசினியில அளந்து போடுற சோறு. அதுல பாதிய அப்படியே வச்சிட்டு எழுந்திரிக்கிறா, மகாராணி மாதிரி! நான் வாசல்ல நிக்கிறேன், ஏன் என்னன்னு ஒரு வார்த்த இல்ல. செவுத்தப் பாத்த மாதிரி போறா. ராக்காயியப் பாத்தா மட்டும் முப்பத்திரண்டு பல்லும் வெளிய வருது. ஏன் டிரஸரையா, சிரம்பான் ஆஸ்பத்திரியில இவ சீக்குக்கு வைத்தியம் பாத்தாங்களா, இல்ல கொழுப்பு ஏத்தி அனுப்பினாங்களா?”

தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு அஞ்சலை அக்கா தன் பக்கத்து வீட்டு மாரியாயியைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்வி இது. இருமலுக்கு மருந்து வாங்க வந்தவர். இருமல் வழியிலேயே நின்றுவிட்டது. கோபம் மட்டும் வந்து சேர்ந்திருந்தது. நான் அப்போது மலாயாவில், சிரம்பானுக்கும் போர்டிக்சனுக்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரஸர். டிரஸர் என்றால் டாக்டர் இல்லாத நாளில் டாக்டர். டாக்டர் வருகிற நாளில் அவருடைய பையைத் தூக்குகிறவர்.

இத்தனை வருஷம் கழித்து அந்தக் கேள்வி ஞாபகத்துக்கு வந்ததற்குக் காரணம் ஒரு மெஷின். சர்க்கரை வியாதிக்காரன் என்ற தகுதியில் போன மாதம் கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். பெரிய வெள்ளைக் கிண்ணத்தைப் பக்கவாட்டில் நிறுத்தியதுபோல ஒரு மெஷின். அதற்குள் முகத்தை வைக்கச் சொன்ன இளம் மிஸ்ஸி, அதுதான் நர்ஸ், “அங்கிள், நடுவுல உள்ள புள்ளிய மட்டும் பாருங்க. ஓரத்துல எங்க லைட் வந்தாலும் பட்டன அமுக்குங்க. கண்ண அங்க இங்க ஓட்டி ஏமாத்தக் கூடாது லா” என்றாள். இதே பரிசோதனையைத் தொப்பியில் குத்தும் ஊசி ஒன்றை வைத்துச் செய்ததை நான் பார்த்திருக்கிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. கதையைச் சொன்னதும் பக்கத்து அறையிலிருந்த பிள்ளைகளையும் கூப்பிட்டுவிட்டாள். “இன்னொரு தடவ சொல்லுங்க அங்கிள். இல்லன்னா எழுதிக் கொடுங்க” என்றார்கள். சிரம்பான் ரஹாங்கில் இருக்கிற என் வீட்டுக்கு வந்து மறுபடியும் கேட்டார்கள். வாய் வலிப்பதற்குக் கை வலிப்பது மேல் என்று எழுதுகிறேன்.

நான் வேலை கற்ற வருஷங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரை. பிறகு ஆஸ்பத்திரியில் கட்டுத் துணி சுருட்டினேன், புண் கழுவினேன், பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் ஊற்றித் தாய்மார்களிடம் திட்டு வாங்கினேன். இங்கிலீஷை மருந்து பாட்டில்களின் முதுகில் படித்தேன். அதனால் எனக்கு முதலில் தெரிந்த இங்கிலீஷ் வாக்கியம் ‘குலுக்கிவிட்டுக் குடிக்கவும்’ என்பதுதான். மிச்சமெல்லாம் மனிதர்கள் வாயிலிருந்து வந்தது. எனக்கு அதில் ஒரு ருசி. தோட்டத்தில் யாருக்கும் வெறும் தலைவலி வந்ததே கிடையாது. ஒருவர் “மண்டைக்குள்ள தகரம் தட்டுறாங்க” என்பார். இன்னொருவர் “மண்டைக்குள்ள ரப்பர் ஸ்டோர் மெஷின் ஓடுது, நிறுத்துற ஆளக் காணோம்” என்பார். இதற்கெல்லாம் நான் கொடுத்தது ஒரே மாத்திரை.

விசிட்டிங் டாக்டர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். நெட்டையான வெள்ளைக்காரர். அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்று. ‘மூச்சு இழு’, ‘மூச்சு விடு’, ‘பயம் இல்லே’. முதல் இரண்டும் நெஞ்சுச் சளிக்கு. மூன்றாவது ஊசிக்கு. அதனால் ‘பயம் இல்லே’ என்று சத்தம் கேட்டாலே பிள்ளைகள் சன்னல் வழியாகக் குதித்து ஓடும். ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் மூச்சு டாக்டர்.

அது அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், எங்களைச் சுற்றி முள்வேலி, வாசலில் துப்பாக்கி. அரிசி காட்டுக்குப் போய்விடக் கூடாது என்று சோற்றைக்கூட ஒரே குசினியில் ஆக்கி ஆளுக்கு இவ்வளவு என்று போட்டார்கள். டாக்டர் கவச வண்டியின் பின்னால் வருவார். அது கிளம்பும்போது அவரும் கிளம்பியாக வேண்டும். அந்த அவசரத்திலும் அவர் சில வழக்கங்களை விடமாட்டார். நெஞ்சில் வைக்கும் குழாயை முதலில் தன் அக்குளில் வைத்துச் சூடாக்குவார். நோயாளி பெஞ்சில் உட்கார்ந்தால், இவர் ஒரு பால்வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவார். நோயாளியின் தலையைவிடத் தன் தலை தாழ்வாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த உயரத்துக்கு அது லேசில் நடக்காது. முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வெட்டுக்கிளிக்குக் கோட்டு மாட்டினதுபோல இருக்கும்.

அந்தக் கோட்டு மடிப்பில் சிவப்புக் குமிழ் வைத்த நீள ஊசி ஒன்று எப்போதும் குத்தியிருக்கும். அவர் மனைவியின் தொப்பியிலிருந்து எடுத்தது. அது எதற்கு என்பதில் ஜனங்களுக்குள் பல கருத்து. “பொண்டாட்டி ஞாபகம் வந்து பயம் வர்றப்பல்லாம் தொட்டுப் பாத்துக்குவாரு” என்பது மாரியாயியின் கருத்து.

மாரியாயி பால்மரம் வெட்டுகிறவள். முப்பது வயது இருக்கும். புருஷன் மலேரியாவில் போய்விட்டான், பிள்ளை இல்லை. லயத்து வரிசையில் ஒரு வீடு, கையில் ஓர் உளி, வாயில் ஒரு நாக்கு, அவ்வளவுதான் சொத்து. தோட்டத்தில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் வைத்தவள் அவள். எனக்கு வைத்ததை இங்கே எழுத மாட்டேன்.

அப்படிப்பட்டவள் பேச்சைக் குறைத்தாள். முதலில் எல்லாரும் நிம்மதியாகத்தான் இருந்தோம். பிறகுதான் தலைவலி என்றாள், சாயந்திரக் காய்ச்சல் என்றாள், தின்றதை வாந்தி எடுத்தாள். கோயில் பூசாரி, முனி அடித்துவிட்டது என்று விபூதி போட்டார். நான் மாத்திரை கொடுத்தேன். இரண்டுக்கும் பலன் ஒன்றாகவே இருந்தது. ஒரு நாள் பெரட்டுக்கு, அதுதான் காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, அவள் வரவில்லை. போய்ப் பார்த்தால் பாயில் சுருண்டு கிடக்கிறாள், கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடுகிறாள். தலைக்குக் கீழே கையைக் கொடுத்து முகவாயை நெஞ்சுப் பக்கம் மடக்கப் பார்த்தேன். கழுத்து மடங்கவில்லை, பலகை மாதிரி உடம்பும் சேர்ந்து எழுந்தது. தோட்டத்து லாரியில் போட்டுச் சிரம்பானுக்குக் கொண்டுபோனோம்.

மூளையைச் சுற்றி இருக்கிற சவ்வில் டி.பி. சில வருஷம் முன்னால் என்றால் அந்தப் பெயரைச் சொன்ன பிறகு சொல்வதற்கு வேறு ஒன்றும் இருந்திருக்காது. புது ஊசி மருந்து வந்திருந்தது, அவள் அதிர்ஷ்டம். ஆனால் அந்த மருந்தை இடுப்பில் போட்டால் மட்டும் போதாது என்றார்கள். முதுகுத் தண்டுக்குள்ளும் போட்டார்கள். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்கால் முகவாயைத் தொடும்படி இறால் மாதிரி வளைப்பார்கள். ஒருவர் கழுத்தையும் ஒருவர் காலையும் பிடித்துக்கொள்ள வேண்டும். இடுப்புக்கு மேலே இரண்டு எலும்புக்கு நடுவில் விரலால் தடவிப் பள்ளத்தைக் கண்டுபிடித்து, நீள ஊசியை இறக்குவார்கள். உள்ளே போனதும் சொட்டுச் சொட்டாக நீர் வரும். அதைக் கொஞ்சம் வெளியே விட்டு, அந்த அளவுக்கு மருந்தை மெதுவாக உள்ளே விடுவார்கள். மாரியாயிக்கு இது திரும்பத் திரும்ப நடந்தது. நான் பார்க்கப் போனபோது பாதி மயக்கத்தில், “மரத்துக்காச்சும் ஞாயித்துக்கிழம லீவு உண்டு டிரஸரையா” என்றாள். இவள் பிழைத்துக்கொள்வாள் என்று எனக்கு அப்போது தோன்றியது.

பல மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். பாதி உடம்புதான் வந்தது. வலது கண் மூக்கைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ரெண்டு டிரஸர் தெரியுறீங்க. ஊசி போடறவரு எவருன்னு சொல்லுங்க, நான் மத்தவருகிட்ட பேசிக்கிறேன்.”

கண்ணைத் திருப்பும் நரம்பு ஒன்று அடிபட்டதால் வந்த கோளாறு அது. ஒரு கண்ணை மூடினால் இரண்டு ஒன்றாகிவிடும். பழைய குடைத் துணியில் ஒரு கண்மூடி தைத்துக் கொடுத்தேன். ஒரு நாள் இந்தக் கண், ஒரு நாள் அந்தக் கண் என்று மாற்றிக் கட்டச் சொன்னேன். “நாளைக்கு எந்தக் கண்ணுக்கு வேல, எந்தக் கண்ணுக்கு லீவுன்னு பெரட்டுலயே சொல்லிருங்க” என்றாள்.

ஆனால் அவளுக்கு உள்ளே நடுக்கம் இருந்தது. தோட்டத்துத் துரை கண்டிப்பானவர். டாக்டர் சரி என்றால் அவள் வெட்டிய பழைய மர நிரையையே கொடுப்பேன், இல்லையென்றால் லயத்து வீடு வேலை செய்கிற வேறு ஆளுக்கு என்று சொல்லியிருந்தார். வேலை போனால் அவள் போக வேண்டிய இடம் போர்டிக்சன் பக்கம் இருந்த அண்ணன் வீடு. அண்ணனைப் பற்றிக் குறை இல்லை. அண்ணி இருந்தாள். “அங்க போறதுக்கு அந்த முதுகு ஊசியே தேவல” என்றாள் மாரியாயி. அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை.

மூச்சு டாக்டர் அவளைப் பரிசோதித்த நாளில் கவச வண்டிக்காரர்கள் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் வாளியைக் கவிழ்த்து எதிரே உட்கார்ந்தார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி விரலை ஆட்டினார். என் கண்ணையே பார், விரல் தெரிகிறதா சொல் என்றார். நான் தமிழில் சொன்னேன். எங்கள் தோட்டத்தில் எந்தப் பெண் ஒரு துரையின் கண்ணை நேருக்கு நேர் பார்ப்பாள்? மாரியாயிக்கு வாய்தான் நீளம். முகத்துக்கு முகம் என்று வந்ததும் பார்வை அவர் பூட்ஸில் போய் நின்றது. “தெரியுதா?” “தெரியுதுங்க.” “இது?” “தெரியுதுங்க.” துரைமார் தெரியுதா என்றால் தெரியுதுங்க, புரிஞ்சிதா என்றால் புரிஞ்சிதுங்க. வேறு பதில் அங்கே வழக்கத்தில் இல்லை. ஹாரன் மறுபடியும் அடித்தது. டாக்டர், இரண்டாகத் தெரிவது போகப் போகச் சரியாகும், வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கோணின கண்ணை எல்லாரும் பார்த்தோம். அவள் தடுக்கினால் அந்தக் கண், தட்டினால் அந்தக் கண். அதனால் வேறு ஏதாவது இருக்குமோ என்று யாருக்கும் தோன்றவில்லை, அஞ்சலை அக்கா சன்னலுக்கு வெளியே வந்து நின்று கொழுப்பைப் பற்றி விசாரிக்கும் வரை.

“அக்கா, நீங்க வாசல்ல நிக்கிறப்ப அவளுக்கு எந்தப் பக்கம் நிக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“எந்தப் பக்கம் நின்னா என்னங்க? மனுசி மனுசிதானே?”

“அவ வீட்ட விட்டு வெளிய வர்றா. உங்க வீடு எந்தக் கைப் பக்கம்?”

அஞ்சலை அக்கா எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மாரியாயி மாதிரியே மோவாயைத் தூக்கிக்கொண்டு, இல்லாத வாளியைக் கையில் பிடித்து நாலு அடி நடந்து காட்டினார். பிறகு இடது கையை நீட்டினார். “பீச்சாங்கைப் பக்கம்.”

“ராக்காயி வீடு?”

“சோத்தாங்கைப் பக்கம்.”

“தட்டுல எந்தப் பாதிச் சோத்த மிச்சம் வைக்கிறா?”

யோசித்தார். “அதுவும் பீச்சாங்கைப் பக்கந்தான்.” சட்டென்று முகம் சிவந்தது. “ஏங்க, பீச்சாங்கைப் பக்கம் குடியிருந்தா நாங்க மட்டமா?”

இருமல் மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டுத் தண்டலைத் தேடிப் போனேன். மரம் வெட்டுகிறவர்களை மேய்க்கிறவர் தண்டல். மாரியாயி வெட்டு எப்படி இருக்கிறது என்றேன். “காயம் இல்ல, ஆழம் சரி. சோம்பேறித்தனம் வந்துருச்சு” என்றார். பால்மரத்தில் வெட்டுக் கோடு இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்ந்து இறங்கும். மாரியாயி வெட்டிய மரத்தில் எல்லாம் தொடக்கத்தில், இடது மேல் முனையில், ரெண்டு விரல் அகலத்துக்குப் பட்டை தொடாமல் கிடந்தது. ஒரு மரம் இல்லை, நிரை முழுக்க. “கேட்டா, நான் முழுசா வெட்டினேங்கிறா. என்னயக் குருடன்னு நெனைச்சிட்டா” என்றார் தண்டல்.

அடுத்த முறை டாக்டர் வரும்போது சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் வாசலில் அது நடந்தது.

காலையில் ஊரடங்கு முடிந்ததும் வாசலைத் திறப்பார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் உண்டு. வாளியைத் தட்டி, முந்தானையை உதறி, அரிசி இல்லை என்று பார்த்து அனுப்புவாள். அதைத் தாண்டினால் இடது பக்கத் தூணோரம் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் நிற்பார். சாலையில் பட்டாள லாரிகள் வந்தால் கையைத் தூக்குவார். கை தூக்கினால் நிற்க வேண்டும். நிற்காதவர் ஓடுகிறவர், ஓடுகிறவரைச் சுடலாம். சட்டம் அவ்வளவு சுருக்கமாக இருந்தது.

அன்றைக்குக் கை தூக்கினது ரெம்பாவ் பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, இளைஞன் ஒருவன். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான். எல்லாரும் நின்றார்கள். மாரியாயி மட்டும் தோளில் காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளிகளை மாட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். “பெர்ஹெந்தி!” என்று கத்தினான். ‘நில்’ என்று அர்த்தம். சத்தம் வேறு யாருக்கோ என்று நினைத்து அவள் இன்னும் இரண்டு அடி வைத்தாள். துப்பாக்கியின் பூட்டை இழுத்துத் தள்ளுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் நின்று, உடம்போடு திரும்பி, குழலின் முனையைப் பார்த்தாள்.

“என்னப்பா, கட்டினவன் மாதிரி கத்துற?” என்றாள்.

அவனுக்குத் தமிழ் தெரியாதது இரண்டு பேருக்கும் நல்லது. அவன் நெற்றியெல்லாம் வேர்வை. நான் ஓடிப் போய் அவளைக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்தேன். கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு இன்னொரு கிளாஸ் கேட்டாள்.

விஷயம் துரையின் பங்களாவுக்கு நடந்து போகவில்லை, பறந்து போனது. இன்னொரு முறை இப்படி நடந்தால் அவள் வேலிக்கு உள்ளே இருக்க வேண்டாம், வெளியே போய்விடலாம் என்று சொல்லி அனுப்பினார். என் வாசலில் சாவு விழக் கூடாது என்றாராம்.

டாக்டர் வந்த அன்று, சோறு, வெட்டு, வாசல், அஞ்சலை எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவராகவே சிரித்துக்கொண்டார். “நான் கேட்ட கேள்விக்கு இந்தத் தோட்டத்தில் ஒரே பதில்தான் உண்டு, இல்லையா?” என்றார். மூளைக்குள் பின்பக்கம் ரத்தம் போகும் வழி அடைபட்டால் இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பாதிப் பார்வை போய்விடும். கண் கெடாது, பார்வைதான் பாதி. போனதே ஆளுக்குத் தெரியாது. நமக்குத் தலைக்குப் பின்னால் இருப்பது இருட்டாகவா தெரிகிறது? தெரிவதே இல்லை, அவ்வளவுதான். அதுபோல என்று என் தலைக்குப் பின்னால் விரலை ஆட்டிக் காட்டினார்.

“ஆனால் நிச்சயமாகத் தெரிய, அவள் எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்தே இருக்க வேண்டும். என்னைப் பார்க்க மாட்டாள். உன்னை?”

என்னையும் பார்க்க மாட்டாள் என்றேன்.

“யார் கண்ணைத்தான் கூச்சமில்லாமல் பார்ப்பாள்?”

எனக்குப் பதில் தயாராக இருந்தது. எங்கள் லயத்தில் இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இமைக்காமல் பார்ப்பது ஒரே சமயத்தில்தான். “சண்டைக்காரி கண்ணைப் பார்ப்பாள், டாக்டர்.”

“கூட்டிவா” என்றார்.

அஞ்சலை அக்காவையும் மாரியாயியையும் முழங்காலுக்கு முழங்கால் படும்படி உட்கார வைத்தோம். டாக்டர் அஞ்சலை அக்காவுக்குப் பின்னால் போய் நின்றார். கோட்டு மடிப்பிலிருந்து ஊசியை உருவினார். “மாரியாயி, அக்கா கண்ண விட்டுப் பார்வைய எடுக்காத. ஓரத்துல செவப்பு தெரிஞ்சதும் ‘ந்தா’ன்னு சொல்லு” என்றேன். அஞ்சலை அக்காவிடம், மனசில் உள்ளதைப் பேசலாம் என்று டாக்டர் உத்தரவு கொடுத்ததாகச் சொன்னேன்.

இப்படி ஓர் உத்தரவு அதற்கு முன் எந்த அரசாங்கமும் அவருக்குக் கொடுத்ததில்லை.

“ஏண்டி, நான் என்ன வேலிக் கம்பமா? வாசல்ல நிக்கிறவள ஒரு தடவயாச்சும்...”

“நான் எப்ப உங்கள...”

“பேசாத! நான் பேசறேன். நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப மாரியம்மனுக்கு யாரு நேந்துகிட்டது? உன் ராக்காயியா?”

ஊசி மாரியாயியின் வலது காதுப் பக்கமிருந்து மெல்ல முன்னால் வந்தது. வெளியே தெரிந்த உடனே, “ந்தா!” மேலிருந்து வந்தது. “ந்தா!” கீழிருந்து. “ந்தா!” டாக்டர் கை மாற்றினார்.

“...நேந்து, முடி எறக்கி, கோயில்ல எல்லாரும் என்னய மொட்டச்சின்னு கேலி பண்ண...” அஞ்சலை அக்கா பேசிக்கொண்டிருக்க, ஊசி மாரியாயியின் இடது காதைத் தாண்டியது. கன்னத்தைத் தாண்டியது. மாரியாயி சண்டைக்காரியின் கண்ணையே முறைத்துக்கொண்டிருந்தாள். அஞ்சலை அக்காவுக்குத் தன் கண்ணோரத்தில் அந்தச் சிவப்புக் குமிழ் வருவது தெரிந்தது. பேச்சில் ஒரு தடுமாற்றம். “...மொட்டச்சின்னு... ஏ, தெரியலையாடி? இந்தா வருதுல்ல?” மாரியாயி அசையவில்லை. ஊசி அஞ்சலை அக்காவின் மூக்குக்கு நேரே வந்த பிறகுதான், “ந்தா” என்றாள்.

டாக்டர் மறுபடி செய்தார். மறுபடியும் மூக்கு. அஞ்சலை அக்கா இப்போது தன் கையையே அந்தப் பக்கம் தூக்கி, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி ஆட்டினார். வளையல் சத்தம் கேட்டும் மாரியாயியின் முகத்தில் ஒன்றுமில்லை. அஞ்சலை அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். தோட்டத்தில் நான் அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் மாரியாயிக்கு விஷயத்தைச் சொன்னேன். இடது பாதி போய்விட்டது, திரும்பி வருவது கஷ்டம் என்றேன். இடது கையைத் தூக்கி முகத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். “போனது எனக்கே தெரியலையே” என்றாள். அப்புறம், “அப்ப அண்ணி வீடுதானா?”

“கண்ணு தெரியலன்னா கூப்பிட வாய் இல்லையாடி உனக்கு?” என்று அஞ்சலை அக்கா திடீரென்று கத்தினார். அவர் மூக்கு சிவந்திருந்தது.

“நீங்க நிக்கிறது தெரிஞ்சாதானக்கா கூப்பிட?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் பட்ட அவமானம் அவமானந்தான். இவளாத் தேடி வந்து மன்னிப்பு கேக்கிற வரைக்கும் இவகூட எனக்குப் பேச்சு கெடையாது.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

டாக்டர் அன்று கவச வண்டியைக் காக்க வைத்தார். மாரியாயிக்குக் கழுத்தைத் திருப்பச் சொல்லிக் கொடுத்தார். கண்ணை மட்டும் ஓட்டினால் போதாது, மோவாய் இடது தோளைத் தொடுகிற மாதிரி திரும்ப வேண்டும். தட்டில் சோறு தீர்ந்தது என்று தோன்றினால் தட்டை அரைச் சுற்றுச் சுற்ற வேண்டும். என்னிடமிருந்து மரத்தில் பால் பிடிக்கிற மங்கு ஒன்றை வாங்கி அவளுக்கு இடப்பக்கம் இங்கேயும் அங்கேயும் வைத்துத் தேடச் சொன்னார். ஐந்தாறு தடவையில் பிடித்துக்கொண்டாள். பிறகு பங்களாவுக்குப் போய்த் துரையிடம் பேசினார். மரம் வெட்டுவதில் குறை வராது, முனையைத் திரும்பிப் பார்த்து வெட்டப் பழகிவிடுவாள். வாசலிலும் சாலையிலும் மட்டும் இடப்பக்கம் ஒருவர் கூடவே நடக்க வேண்டும் என்றார். துரை யோசித்து, நடக்கிறவர் கிடைத்தால் சரி, அதற்கென்று ஆள் தரமாட்டேன், கிடைக்காவிட்டால் வார முடிவில் வீட்டைக் காலி செய்யட்டும் என்றார்.

கிடைப்பது சுலபமில்லை. ஆளுக்கொரு நிரை. மாரியாயியின் நிரை மலைமேல். பாலைச் சுமந்து இறங்குவதற்குள் இடுப்பு ஒடியும். ராக்காயிக்கு வேறு திசையில் வேலை. கேட்ட இடத்தில் எல்லாம் “பாவந்தான்” என்றார்கள். அதற்கு மேல் வாக்கியம் வளரவில்லை.

பிற்பாடு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டாகத் தெரிந்தது மெல்ல மெல்ல ஒன்றானது. வலது கண்ணும் ஏறக்குறைய நேரானது. “ரெண்டு டிரஸர்ல ஒருத்தர் ரிட்டையர் ஆயிட்டாரு” என்றாள். இடது பாதி வரவே இல்லை. சாயந்திர வெளிச்சத்தில் வலது பாதியும் மங்கல்தான். படி இறங்கும்போது, சந்தைக் கூட்டத்தில், பிள்ளைகள் பந்து விளையாடும் இடத்தில், கடைசி வரைக்கும் அவளுக்குக் கஷ்டம் இருந்தது. நோய் தீர்ந்தது என்று எழுதி அனுப்பினார்களே தவிர, அந்த நோய் மிச்சம் வைத்துப்போன குறையோடுதான் அவள் வாழ்ந்தாள்.

டாக்டர் வந்துபோன மறுநாள் காலைப் பெரட்டுக்கு நானும் போய் நின்றேன். மாரியாயி மோவாயை இடது தோளுக்குத் திருப்பித் திருப்பிப் பழகிக்கொண்டு, தனியாக நின்றாள். அந்தப் பக்கம் யாரும் இல்லை. தண்டல் பெயர் கூப்பிட்டார். அஞ்சலை அக்காவின் பெயர் வந்ததும், “மலை நிரை, மாரியாயிக்கு அடுத்தது” என்றார். நான் தண்டலைப் பார்த்தேன். அஞ்சலை அக்காவின் நிரை, பால் நிறுக்கிற ஸ்டோருக்குப் பக்கத்தில், சமதரையில், நல்ல பால் கொடுக்கிற மரங்கள். அதற்காக அவர் எத்தனை ஆபீஸ் கிராணிகளோடு சண்டை போட்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். “அந்தம்மாதான் மாத்திக் கேட்டுச்சு” என்று தண்டல் முணுமுணுத்தார். “ஏன்னு கேட்டேன். உன் வேலையப் பாருன்னுச்சு.”

அஞ்சலை அக்கா காண்டாக் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, மாரியாயியின் இடப்பக்கம் நின்றார். முகம் எதிர்ப்பக்கம்.

“அக்கா...” என்றாள் மாரியாயி, கழுத்தை முழுசாகத் திருப்பி.

“காத்து அடிக்கிற சத்தம் கேக்குது” என்றார் அஞ்சலை அக்கா, என்னைப் பார்த்து. “வேற ஒண்ணும் கேக்கல.”

இருவரும் வாசலை நோக்கி நடந்தார்கள். சோதிக்கிற பெண் வாளிகளைத் தட்டிப் பார்த்து அனுப்பினாள். இடது தூணோரம் அதே ரெம்பாவ் இளைஞன். மாரியாயியைப் பார்த்ததும் அவன் விறைத்து நின்றான். சாலையில் லாரிச் சத்தம் கேட்டது. அவன் கையைத் தூக்கினான். மாரியாயியின் மோவாய் அந்த நேரம் பார்த்து வலது பக்கம், கூட வந்து சேர்ந்த ராக்காயியிடம் ஏதோ சொல்லத் திரும்பியிருந்தது. கால் நடந்துகொண்டே இருந்தது.

அஞ்சலை அக்கா நேராகச் சாலையைப் பார்த்தபடியே, ஒரு வார்த்தை பேசாமல், இடது கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு வலது கையை நீட்டி, மாரியாயியின் இடுப்புச் சதையை இரண்டு விரலால் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார். அவள் “ஐயோ!” என்று அலறி நின்ற பிறகும், லாரிகள் எல்லாம் போய்த் தீரும் வரைக்கும், பிடியை விடவில்லை.